பூமி உடையல, ஒரு சால்டரிங் ஜாயின்ட் தான் உடைஞ்சுது: செர்ன் மெஷின் பயம் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

2008 செப்டம்பர் 10, புதன்கிழமை. ஜெனீவா பக்கத்துல செர்ன்ங்கிற ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையத்தோட கன்ட்ரோல் ரூம். காலைல பத்தரை வாக்குல ஒரு கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல ரெண்டு வெள்ளப் புள்ளி வந்துச்சு. அவ்ளோதான். ஒரு புள்ளி புரோட்டான் பீம் உள்ள நுழைஞ்சதுக்கு, இன்னொரு புள்ளி அதே பீம், துகள்கள மோத விடுற அவங்க புது மெஷினோட 27 கி.மீ. வளையத்த ஒரு முழு சுத்து சுத்திட்டு திரும்பி வந்ததுக்கு. ரூம்ல இருந்தவங்க கை தட்டி ஆர்ப்பாட்டம் பண்ணாங்க, 1994-ல இருந்து இந்த ப்ராஜெக்ட்டத் தலைல சுமந்துட்டு இருந்த லின் எவன்ஸ் முகத்துல அப்பாடான்னு ஒரு சிரிப்பு. அதே நேரத்துல உலகத்தோட வேற வேற மூலைல டிவி முன்னாடி உக்காந்திருந்த நெறய பேரு வேற ஒரு விஷயத்துக்காக மூச்ச பிடிச்சிட்டு இருந்தாங்க: இப்போ கருந்துளை வந்து பூமிய உள்ள இழுத்துக்குமா, இல்லையா?

இதுல எனக்கு இன்னைக்கும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வர்ற விஷயம் என்னன்னா, அன்னைக்கு மோதலே கிடையாது. ஒரு நேரத்துல ஒரு பக்கத்துல இருந்து ஒரு பீம விட்டுப் பார்த்தாங்க, வளையம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு. அதுவும் 450 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்ல, அதாவது உள்ள ஏத்தி விடுற ஆற்றல்லயே, கூட்டவே இல்ல. சிகாகோ பக்கத்துல இருந்த டெவட்ரான் மெஷின் இதுக்கு ரெண்டு மடங்கு ஆற்றல்ல பீம வருஷக்கணக்கா ஓட்டிட்டு, நெஜமாவே மோத விட்டுட்டும் இருந்துச்சு, அதப் பத்தி யாரும் கவலப்பட்டதா தெரியல. செர்ன் மெஷின்ல முதல் மோதல் நடந்தது ஒரு வருஷம் தாண்டி, 2009 நவம்பர் 23. அந்த நாள் எத்தன பேருக்கு ஞாபகம் இருக்கு? பயந்த நாள்ல ஒன்னுமே நடக்கல, நடந்த நாள்ல யாரும் பயப்படல. இந்தக் கேஸ எடுத்து பிரிச்சுப் பார்க்கணும்னு தோணுனதே இதுனாலதான்.

முதல்ல மெஷின். பேரு லார்ஜ் ஹேட்ரான் கொலைடர். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து எல்லைல பூமிக்கு கீழ 50 மீட்டர்ல இருந்து 175 மீட்டர் ஆழம் வரைக்கும் போற ஒரு வட்டச் சுரங்கம், முன்னாடி இருந்த வேற ஒரு மெஷினுக்காக தோண்டுனது, அத எடுத்துட்டு இத வெச்சாங்க. உள்ள 1232 பெரிய மேக்னட், ஒவ்வொன்னும் 15 மீட்டர் நீளம், 35 டன் எடை, பீம வளைச்சு வளைச்சு வட்டத்துல ஓட்டுறது இதுங்கதான். இதுல 11,000 ஆம்பியருக்கு மேல கரன்ட் போகும், சாதாரண செம்புக் கம்பில அத்தன கரன்ட் விட்டா உருகி ஊத்திடும், அதனால சூப்பர் கண்டக்டர் கேபிள், அது வேலை செய்யணும்னா மைனஸ் 271 டிகிரிக்கு குளிர வைக்கணும், அதுக்கு திரவ ஹீலியம் 100 டன்னுக்கு மேல. வெளில இருக்குற விண்வெளியோட குளிர விட இந்த மேக்னட் உள்ள குளிர் அதிகம்னு சொல்லுவாங்க, அது அலங்காரப் பேச்சு இல்ல, உண்மை.

ஓடுறது என்ன? ஹைட்ரஜன்ல இருந்து எலக்ட்ரான உருவிட்டா மிஞ்சுற புரோட்டான். ஒரு பீம்ல சுமார் 3 கோடி கோடி புரோட்டான், எல்லாத்தையும் சேர்த்து எடை போட்டா ஒரு கிராம்ல நூறு கோடில ஒரு பங்குல பாதி. செகண்டுக்கு 11,245 சுத்து.

இங்கதான் ரெண்டு கணக்கு இருக்கு, ரெண்டையும் குழப்பிக்கிட்டதுல பாதி பயம் வந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். ஒரே ஒரு புரோட்டானோட ஆற்றல் 7 டெரா எலக்ட்ரான் வோல்ட்னு டிசைன் பண்ணாங்க. டெரான்னு கேட்டாலே ஏதோ பெருசா தெரியும். ஆனா ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட்ங்கிறது ஒரு கொசு பறக்கும்போது அதுகிட்ட இருக்குற ஆற்றல் அளவுதான். கையத் தட்டுனா வர்ற ஆற்றல் இத விட எவ்வளவோ மேல. விசேஷம் என்னன்னா அந்தக் கொசு ஆற்றல், கொசுவ விட லட்சம் கோடி மடங்கு சின்ன எடத்துல குவியுது. இது ஒரு மோதலோட கணக்கு. அடுத்தது மொத்த பீமோட கணக்கு: ஃபுல்லா லோடு பண்ண ஒரு பீம்ல 362 மெகா ஜூல், 400 டன் ட்ரெயின் மணிக்கு 150 கி.மீ. வேகத்துல வர்ற மாதிரி. இது நெஜமான ஆபத்து. பீம் கொஞ்சம் தடம் மாறுனா மெஷினையே ஓட்ட போட்டுடும். அதனால ஏதாவது கோளாறுன்னா மூணு சுத்துக்குள்ள, ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட ஆகாது அதுக்குள்ள, பீம வெளில திருப்பி ஒரு பெரிய கிராஃபைட் கட்டைல மோத விட்டு அழிச்சிடுவாங்க. இஞ்சினியர்ங்க தூக்கம் கெட்டது இந்த ரெண்டாவது கணக்கால. வெளில ஜனங்க தூக்கம் கெட்டது முதல் கணக்கால, அதாவது கொசுவால.

இந்தப் பயம் செர்ன்ல பொறக்கல. 1999-ல அமெரிக்கால நியூயார்க் மாநிலத்துல ப்ரூக்ஹேவன் லேப்ல தங்க அணுக்கருவ மோத விடுற ஒரு மெஷின் ரெடி ஆயிட்டு இருந்துச்சு. ஒரு வாசகர் அறிவியல் பத்திரிகைக்கு லெட்டர் போட்டாரு, இதுல கருந்துளை உண்டாகாதான்னு. பதில் எழுதுனவர் ஃபிராங்க் வில்செக், பின்னாடி 2004-ல நோபல் வாங்குனவர். கருந்துளை எல்லாம் சான்ஸே இல்லன்னு சொன்னவரு அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. ஸ்ட்ரேஞ்ச்லெட்னு ஒன்னு இருக்கு, அது தொட்டதையெல்லாம் தன்ன மாதிரி மாத்திடும்னு ஒரு ஊகம் இருக்கு, ஆனா அதுவும் நடக்க வழியில்லன்னு நேர்மையா சேர்த்து எழுதுனாரு. லண்டன் பேப்பர்ல கொட்ட எழுத்துல வந்துச்சு, மெஷின் பூமிய அழிக்கலாம்னு. நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லுவாங்கல்ல, அந்த மாதிரி. ஆனா அவரக் குத்தம் சொல்லவும் மனசு வரல, கேட்ட கேள்விக்கு முழுசா பதில் சொன்னதுதான் அவர் செஞ்ச தப்பு.

ப்ரூக்ஹேவன் டைரக்டர் ஜான் மார்பர்கர் ஒரு கமிட்டி போட்டாரு. அவங்க சொன்ன வாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அது ஃபார்முலா இல்ல, தலையத் தூக்கிப் பார்த்தா தெரியுற விஷயம்: நிலா இன்னும் இருக்கு. நிலாவுக்கு காத்து மண்டலம் கிடையாது, விண்வெளில இருந்து வர்ற கனமான அணுக்கரு எல்லாம் நேரா அது தரைல போய் அடிக்குது, நூத்துக்கணக்கான கோடி வருஷமா அடிக்குது. தொட்டதையெல்லாம் மாத்துற சமாச்சாரம் அந்த மோதல்ல உண்டாகுறதா இருந்தா நிலா என்னைக்கோ போயிருக்கும். மெஷின் 2000-ல ஓடுச்சு. நிலா பௌர்ணமிக்கு வருது.

அதுக்கு முன்னாடியும் ஒரு கதை உண்டு. 1945-ல முதல் அணுகுண்டு சோதனைக்கு முன்னாடியே, குண்டு வெடிச்சா காத்துல இருக்குற நைட்ரஜன் மொத்தமா பத்திக்குமான்னு அங்க இருந்த விஞ்ஞானிங்களே உக்காந்து கணக்கு போட்டாங்க, பத்தாதுன்னு கண்டுபிடிச்சாங்க. அந்தக் கணக்கு ரகசியமா நடந்துச்சு, யாரும் கோர்ட்டுக்கு போக முடியல. 2008-க்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இதுதான்.

கோர்ட். 2008 மார்ச்ல ஹவாய்ல ஃபெடரல் கோர்ட்ல ரெண்டு பேர் கேஸ் போட்டாங்க, மெஷின ஓட்டக் கூடாது, சுற்றுச்சூழல் ஆய்வு முழுசா பண்ணல, கருந்துளையும் ஸ்ட்ரேஞ்ச்லெட்டும் வரும்னு. அமெரிக்க எரிசக்தித் துறை, ஃபெர்மி லேப், செர்ன் எல்லாம் எதிர்த்தரப்பு. ஸ்விஸ் எல்லைல இருக்குற மெஷினுக்கு பசிஃபிக் தீவுல கேஸ். அடுத்து ஆகஸ்ட் கடைசில ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துல இன்னொரு குரூப் போச்சு, உயிர் வாழுற உரிமைய பறிக்குறாங்கன்னு, இடைக்காலத் தடை கேட்டு. சில நாள்லயே தடை கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. ஹவாய் கேஸ் போட்டவர்ல ஒருத்தர் 2009-ல ஒரு அமெரிக்க டிவி காமெடி ஷோல வந்து, பூமி அழியுறதுக்கு வாய்ப்பு எவ்ளோன்னு கேட்டதுக்கு ஃபிஃப்டி ஃபிஃப்டின்னு சொன்னாரு. ஒன்னு நடக்கும், இல்ல நடக்காது, அதனால பாதிக்குப் பாதி. உலகமே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். லாட்டரி டிக்கெட் வாங்குறவன் கூட இப்படித்தான் கணக்கு போடுறான்.

சிரிச்சு முடிச்சப்புறம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும், அது சிரிக்கிற கேள்வி இல்ல: பாதுகாப்புன்னு சொல்றவங்க யாரு? 2008 ஜூன்ல செர்ன் ஒரு ரிப்போர்ட் வெளியிட்டுச்சு, ஆபத்து இல்லன்னு. எழுதுன அஞ்சு பேரும் இந்தத் துறையிலயே இருக்குறவங்க, ஜான் எல்லிஸ் மாதிரி செர்ன் ஆளுங்களே அதுல இருந்தாங்க. வேற யாரு எழுத முடியும், விஷயம் தெரிஞ்சவன் தானே எழுதணும்னு கேக்கலாம், நியாயம்தான். ஆனா வெளில இருந்து பாக்குறவனுக்கு, வீடு கட்டுன இஞ்சினியரே பில்டிங் ஸ்ட்ராங்னு சர்டிஃபிகேட் குடுத்த மாதிரி தான் தெரியும்.

ரிப்போர்ட்ல இருந்த முக்கிய வாதம் காஸ்மிக் கதிர். விண்வெளில இருந்து பூமி மேல வந்து விழுற புரோட்டான்ல சிலது இந்த மெஷின விட எவ்வளவோ அதிக ஆற்றலோட வருது. 1991-ல அமெரிக்கால யூட்டால பதிவான ஒரு துகள், ஒரே ஒரு துகள், நல்லா வீசுன கிரிக்கெட் பந்து மாதிரி ஆற்றலோட வந்துச்சு. கொசுவ ஞாபகம் வெச்சுக்கோங்க, அதோட ஒப்பிட்டுப் பாருங்க. அவங்க போட்ட கணக்குப்படி இந்த மெஷின் தன் வாழ்நாள் பூரா செய்யப் போற மோதல் வேலைய, இயற்கை பூமி மேல மட்டும் ஏற்கனவே சுமார் ஒரு லட்சம் தடவ செஞ்சு முடிச்சிடுச்சு. நம்ம இருக்கோம். கேஸ் குளோஸ்னு தோணும்.

ஆனா குளோஸ் இல்ல. எதிர்த்து கேள்வி கேட்டவங்க ஒரு நல்ல பாயின்ட் வெச்சிருந்தாங்க. காஸ்மிக் கதிர் வந்து மோதும்போது ஒரு பக்கம் தான் வேகம், பூமி சும்மா நிக்குது. அதுல ஏதாவது குட்டிக் கருந்துளை உண்டானாலும் அது வந்த வேகத்துலயே பூமிய துளைச்சிட்டு செகண்டுல 20-ல ஒரு பங்குக்குள்ள அந்தப் பக்கம் போயிடும். செர்ன்ல அப்படி இல்ல, ரெண்டு பீமும் எதிரெதிரா சம வேகத்துல வருது, மோதுனா அதுல உண்டாகுறது கிட்டத்தட்ட நின்ன எடத்துலயே நிக்கலாம், பூமிக்குள்ளயே தங்கி மெதுவா மெதுவா தின்ன ஆரம்பிக்கலாம். அப்போ காஸ்மிக் கதிர் வாதம் செல்லுமா?

இந்தக் கேள்விய செர்ன் தட்டிக் கழிக்கல, இதுதான் எனக்கு இந்த மொத்தக் கேஸ்லயும் மரியாத வர வெச்ச எடம். ஸ்டீவன் கிடிங்ஸ், மிக்கேலாஞ்சலோ மங்கானோன்னு ரெண்டு இயற்பியலாளர் உக்காந்து, ஹாக்கிங் சொன்ன மாதிரி குட்டிக் கருந்துளை உடனே ஆவியாகிடும்ங்கிறத நம்பவே வேண்டாம், அது ஆவியாகாதுன்னே வெச்சுக்குவோம், முதல்ல அது உண்டாகணும்னாலே இடத்துக்கு நமக்குத் தெரியாத கூடுதல் பரிமாணம் இருக்கணும், அதுவும் இருக்குன்னே வெச்சுக்குவோம், எல்லாம் மோசமா நடந்தா என்ன ஆகும்னு கணக்கு போட்டாங்க. பதில் பூமில இல்ல, வானத்துல இருந்துச்சு: வெண்குறு விண்மீன், நியூட்ரான் விண்மீன். சூரியன் அளவு எடைய பூமி அளவு உருண்டைக்குள்ள அடைச்ச மாதிரி அடர்த்தி வெண்குறு விண்மீனுக்கு. அதுக்குள்ள காஸ்மிக் கதிர் போய் உண்டாக்குற எந்தக் கருந்துளையும் அந்தப் பக்கம் ஓடிப் போக முடியாது, சேத்துல விழுந்த கல்லு மாதிரி நின்னுடும். நின்னா தின்னணும். தின்னா அந்த நட்சத்திரம் காணாம போயிருக்கணும். ஆனா நூறு கோடி வருஷத்துக்கு மேல வயசான வெண்குறு விண்மீனெல்லாம் வானத்துல அப்படியே உக்காந்திருக்கு.

இந்த வாதம் டிவில எங்கயாவது வந்துச்சா? எனக்கு ஞாபகம் இல்ல. வந்தது எல்லாம் பூமி ஒரு ஓட்டைக்குள்ள சுருங்கிப் போற அனிமேஷன் தான், அதுவும் ஒரு நாளைக்கு நாப்பது தடவ.

இதுக்கும் மேல ஒரு படி போனவங்க ஆக்ஸ்ஃபோர்ட்ல மூணு பேர், டோபி ஆர்ட், ரஃபேலா ஹில்லர்பிராண்ட், ஆண்டர்ஸ் சாண்ட்பெர்க். அவங்க சொன்னது இயற்பியலே இல்ல. ஒரு பேப்பர்ல 'ஆபத்து கோடில ஒன்னு'ன்னு கணக்கு வந்தா, அந்தக் கணக்கே தப்பா இருக்குற வாய்ப்பு அத விட பெருசு, ஏன்னா மனுஷன் எழுதுற பேப்பர்ல தப்பு அவ்ளோ அபூர்வம் இல்ல. 1954-ல பிகினி தீவுல அமெரிக்கா வெடிச்ச காஸில் பிராவோ குண்டு 6 மெகா டன் வரும்னு கணக்கு போட்டாங்க, வந்தது 15, ஏன்னா குண்டுக்குள்ள இருந்த லித்தியம் 7 சும்மா இருக்கும்னு நினைச்சாங்க, அது சும்மா இருக்கல. கணக்குல கூட்டல் கழித்தல் தப்பு இல்ல, கணக்கு நின்ன தரையே தப்பு. இவங்க மெஷின நிறுத்துங்கன்னு சொல்லல. 'நாங்க கணக்கு போட்டுட்டோம்'ங்கிறது மட்டும் பதில் ஆகாதுன்னு சொன்னாங்க. இது சரியான கேள்வின்னு தான் நான் நினைக்கிறேன், வெண்குறு விண்மீன் மாதிரி ரெண்டாவது மூணாவது வாதம் தனித்தனியா நிக்குறது ஏன் முக்கியம்னும் இதுல இருந்துதான் எனக்குப் புரிஞ்சுது. ஒரு கால் உடைஞ்சாலும் நாற்காலி நிக்கணும்.

சரி, அப்போ பயம் இவ்ளோ தூரம் எப்படிப் பரவுச்சு? மக்களுக்கு அறிவியல் தெரியலன்னு சொல்லிட்டு போறது சுலபம். நான் வேற மாதிரி பாக்குறேன். பயத்த வித்தவங்களும் வியப்ப வித்தவங்களும் ஒரே சரக்கத்தான் வித்தாங்க. பிக் பேங் மெஷின்னு பேரு வெச்சது எதிர்ப்பாளர் இல்ல. பிரபஞ்சம் பொறந்த கணத்த மறுபடி உண்டாக்கப் போறோம்னு பேட்டி குடுத்தது எதிர்ப்பாளர் இல்ல. செப்டம்பர் 10-ம் தேதிய பிரிட்டன்ல ரேடியோல பிக் பேங் டேன்னே கொண்டாடுனாங்க. பிரபஞ்சத்த உண்டாக்குவேன்னு ஒருத்தன் சொன்னா, அப்போ ஏற்கனவே இருக்குறது என்ன ஆகும்னு கேக்குறது முட்டாள்தனமா என்ன? எந்த வெடிப்பும் கிடையாது, அந்தக் காலத்துல இருந்த சூட்ட ஒரு அணுக்கரு அளவு எடத்துல கண் இமைக்கிறதுக்கும் எவ்வளவோ கம்மியான நேரத்துக்கு கொண்டு வர்றோம்ங்கிறது தான் அர்த்தம். ஆனா அத அப்படிச் சொன்னா நிதியும் வராது நியூஸும் வராது.

கடவுள் துகள் கதையும் இதே தான். மத்த துகளுக்கு எடை எப்படி வருதுங்கிறதோட சம்பந்தப்பட்ட, இந்த மெஷின் தேடுன ஹிக்ஸ் போசான்ங்கிற துகளுக்கு அந்தப் பேரு 1993-ல லியோன் லெடர்மன்ங்கிற இயற்பியலாளர் எழுதுன புத்தகத்தோட தலைப்புல இருந்து ஒட்டிக்கிச்சு. கண்டே பிடிக்க முடியாம உயிர வாங்குது, அதனால 'நாசமாப் போன துகள்'னு வைக்கத்தான் நினைச்சேன், பதிப்பாளர் விடலன்னு அவரே ஜோக்கா சொல்லிக்குவாரு. அந்தத் துகள் இருக்கும்னு முன்கூட்டியே சொன்ன பீட்டர் ஹிக்ஸுக்கு அந்தப் பேரு பிடிச்சதே இல்ல. ஆனா தமிழ் பேப்பர்ல எல்லாம் கடவுள் துகள்னு தான் வந்துச்சு, வந்த உடனே ஒரு பக்கம் கடவுள் இல்லன்னு நிரூபிச்சிட்டாங்க, இன்னொரு பக்கம் கடவுள் இருக்குன்னு நிரூபிச்சிட்டாங்க. அந்தத் துகளுக்கு ரெண்டுலயும் சம்பந்தம் கிடையாது, பாவம்.

இங்க ஒரு விஷயத்த சொல்லாம போக முடியாது. அந்த செப்டம்பர்ல மத்தியப் பிரதேசத்துல ஒரு பதின்ம வயசுப் பொண்ணு, உலகம் அழியப் போகுதுன்னு டிவில திரும்பத் திரும்ப வந்தத பார்த்து பயந்து போய் தன் உயிர மாய்ச்சுக்கிச்சுன்னு குடும்பத்தார் சொன்னதா செய்தி வந்துச்சு. வீட்டுல பேச்ச மாத்திப் பார்த்திருக்காங்க, பயப்படாதன்னு சொல்லியிருக்காங்க. ஒரு உயிர் போனதுக்கு ஒரே ஒரு காரணம் தான்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கவுண்ட்டவுன் கடிகாரத்த ஸ்க்ரீன் ஓரத்துல ஓட விட்டு டிஆர்பி பார்த்த சேனல்காரங்க, மறுநாள் உலகம் அழியாதப்போ ஒரு வரி மன்னிப்பு கூட கேக்கல. இன்னொரு பக்கம் விஞ்ஞானிங்க சில பேருக்கு கொலை மிரட்டலும் வந்துச்சு. செர்ன் போன்லயும் மெயில்லயும் பயந்து போன ஜனங்க கேள்வி வந்துட்டே இருந்துச்சு. மெஷின் யாரையும் தொடல, அதப் பத்தின பேச்சு தொட்டுச்சு.

இப்போ நெஜமா நடந்த விபத்து. செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, முதல் பீம் ஓடி ஒன்பதாவது நாள். அப்போ பீமே உள்ள இல்ல. வளையத்த எட்டு செக்டரா பிரிச்சிருக்காங்க, அதுல ஏழு ஏற்கனவே டெஸ்ட் ஆயிடுச்சு, கடைசி செக்டர்ல மேக்னட்டுக்கு கரன்ட்ட ஏத்திட்டு இருந்தாங்க. இந்த மேக்னட்ட எல்லாம் ஒன்னோட ஒன்னு இணைக்கிற எடத்துல சூப்பர் கண்டக்டர் கேபிள் ரெண்டு முனையையும் சேர்த்து வெச்சு சால்டர் பண்ணியிருப்பாங்க, நம்ம ரேடியோ ரிப்பேர்காரர் பண்றாரே அதே வேலைதான், வெள்ளியும் வெள்ளீயமும் கலந்த சால்டர். இந்த மாதிரி ஜாயின்ட் மொத்தம் சுமார் 10,000. ஒவ்வொன்னுலயும் மின்தடை ஒரு ஓம்ல நூறு கோடில ஒரு பங்குக்கும் கீழ இருக்கணும். ஒன்னே ஒன்னுல மட்டும் அது இருநூறு மடங்கு மாதிரி இருந்துச்சு. அதுவும் கேட்டா சிரிப்பா இருக்குற அளவு சின்ன நம்பர் தான். ஆனா கரன்ட் 8,700 ஆம்பியர் கிட்ட போனப்போ அந்த ஜாயின்ட் சூடாச்சு, சூடான எடம் சூப்பர் கண்டக்டரா இல்லாம போச்சு, கேபிள் விட்டுப் போய் நெருப்புப் பொறி பாஞ்சு ஹீலியம் இருந்த உறைய ஓட்ட போட்டுச்சு. மைனஸ் 271 டிகிரி திரவம் ஒரே அடியா வாயுவாகி விரிஞ்சா என்ன ஆகும்? அழுத்தத்த வெளியேத்துற வால்வு இருந்துச்சு, ஆனா இவ்ளோ பெரிய வேகத்துக்கு அத யாரும் யோசிக்கல. மொத்தம் 6 டன் ஹீலியம் சுரங்கத்துக்குள்ள வெளியேறிடுச்சு, 35 டன் மேக்னட்டெல்லாம் பிடிமானத்த பிச்சுக்கிட்டு நகர்ந்துச்சு, பீம் போற சுத்தமான குழாய்க்குள்ள கரி. சுரங்கத்துல ஆள் யாரும் இல்லாததால உயிர்ச்சேதம் இல்ல. 53 மேக்னட்ட கழட்டி மேல கொண்டு வந்து சரி பண்ணவோ மாத்தவோ வேண்டி வந்துச்சு, ஒரு வருஷத்துக்கு மேல வேலை.

சரியா ஒரு வாரம் கழிச்சு, செப்டம்பர் 26, ஹவாய் கோர்ட் கேஸ தள்ளுபடி பண்ணுச்சு, இது எங்க வரம்புக்குள்ள வராதுன்னு. மெஷின் நிறுத்தணும்னு கேட்ட கேஸ் தோத்த நாள்ல மெஷின் ஏற்கனவே நின்னு போய் கெடந்துச்சு.

உலகத்துல அத்தன மூளை சேர்ந்து ஸ்ட்ரேஞ்ச்லெட், வெற்றிடச் சிதைவு, காந்த ஒற்றைமுனைன்னு ஊகத்துல மட்டும் இருக்குற ஆபத்த ஒவ்வொன்னா எடுத்து வருஷக்கணக்கா அலசினாங்க. அந்த ஒரு ஜாயின்ட்ட யாரும் சந்தேகப்படல. அந்த அளவு கெட்ட ஜாயின்ட்ட முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிற அளவுக்கு கண்காணிப்பு சிஸ்டமும் அப்போ அந்த எடத்துல இல்ல, விபத்துக்கு அப்புறம் தான் போட்டாங்க. ரிப்பேர் முடிஞ்சும் முழு ஆற்றலுக்குப் போக தைரியம் வரல. 2010 மார்ச் 30-ல பீமுக்கு 3.5 டெராவோட, பாதி ஆற்றல்ல தான் ஆரம்பிச்சாங்க. 2013-ல நிறுத்தி ரெண்டு வருஷம் கீழ இறங்கி அந்த 10,000 ஜாயின்ட்டையும் ஒவ்வொன்னா திறந்து பார்த்து பலப்படுத்துனப்புறம் தான் 2015-ல பீமுக்கு 6.5 டெரா. ஆனா அதுக்குள்ள அந்தப் பாதி ஆற்றல்லயும் அதுக்குக் கொஞ்சம் மேலயும் ஓடியே 2012 ஜூலை 4-ல ஹிக்ஸ கண்டுபிடிச்சிட்டாங்க. அந்த ஹால்ல உக்காந்து கண்ணத் துடைச்சுக்கிட்ட 83 வயசு பீட்டர் ஹிக்ஸ் படம் இந்த மெஷினப் பத்தி வந்த எல்லா அனிமேஷனையும் விட எனக்கு மேல.

நடுவுல கொஞ்சம் காமெடியும் உண்டு. 2009 நவம்பர்ல மேல தரைல இருந்த மின்சார அமைப்புல ஒரு ரொட்டித் துண்டு கெடந்து ஷார்ட் ஆகி குளிரூட்டுறது நின்னுச்சு, ஏதோ பறவை போட்டிருக்கும்னு பேசிக்கிட்டாங்க. அதே சமயம் நீல்சன், நினோமியான்னு ரெண்டு நெஜ இயற்பியலாளர், ஹிக்ஸ் உண்டாகுறது இயற்கைக்கே பிடிக்காம எதிர்காலத்துல இருந்து வந்து மெஷின தடுக்குதோன்னு பேப்பரே போட்டாங்க, சீட்டு எடுத்துப் பார்த்து ஓட்டலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம்னு யோசனையும் சொன்னாங்க. காலைல கிளம்பும்போது பூனை குறுக்க போனா உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டு போறோமே, அந்த இயற்பியல். 2016 ஏப்ரல்ல பூனைக்கு பதிலா மரநாய் மாதிரி ஒரு பிராணி 66,000 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் மேல ஏறி, அதுவும் போய் மெஷினும் ஒரு வாரம் நின்னு போச்சு.

2016-க்கு அப்புறம் பயம் ஆளே மாறிடுச்சு, இத தனியா கவனிக்கணும். செர்ன் வளாகத்துல இந்திய அரசாங்கம் 2004-ல குடுத்த நடராஜர் சிலை இருக்கு, 2 மீட்டர் உயரம், சோழர் வெண்கல பாணி. ஆடலும் ஆற்றலும் ஒன்னுன்னு ஒரு அழகான பொருத்தத்துல வெச்சாங்க. 2016 ஆகஸ்ட்ல அந்தச் சிலை முன்னாடி ராத்திரில கருப்பு அங்கி போட்டுக்கிட்டு சில பேர் நரபலி குடுக்குற மாதிரி ஒரு வீடியோ பரவுச்சு. உள்ள நுழைய அனுமதி இருக்குற யாரோ விளையாட்டுக்கு பண்ணது, இந்த மாதிரி கூத்த நாங்க ஏத்துக்கல, விசாரிக்கிறோம்னு செர்ன் சொல்லுச்சு. யார் கேட்டா? தில்லைல ஆடுறவரு அங்க அழிவுக் கடவுளா மட்டும் ஆயிட்டாரு, செர்ன் லோகோல இருக்குற வளையத்துல 666 தெரியுதுன்னு சேர்த்துக்கிட்டாங்க. 2022 ஜூலை 5-ல மெஷின் ரெண்டு பீமும் சேர்த்து 13.6 டெராவோட திரும்ப ஆரம்பிச்சப்போ நரகத்துக்கு வாசல் திறக்குறாங்கன்னு டிக்டாக் பூரா வீடியோ. முன்னாடி இருந்த 13-ல இருந்து 0.6 டெரா தான் கூடியிருக்கு, ஆனா வாசல் திறந்துடுச்சு.

1999-ல லெட்டர் போட்டவர நான் இவங்களோட சேர்க்க மாட்டேன். அவரு கேட்டது தப்போ சரியோ, பதில் சொல்லக் கூடிய கேள்வி. நிலாவக் காட்டலாம், வெண்குறு விண்மீனக் காட்டலாம். நரக வாசல் இல்லன்னு எதக் காட்டி நிரூபிக்கிறது? இன்னொரு வேடிக்கை, இந்த வீடியோ எல்லாம் பரவுற வெப் இருக்கே, 1989-ல டிம் பெர்னர்ஸ் லீ செர்ன்ல வேலை பார்க்கும்போது முன்மொழிஞ்சது தான். கிணறு வெட்ட பூதம் கிளம்புச்சுன்னா அது சுரங்கத்துல இருந்து கிளம்பல, ஆபீஸ் ரூம்ல இருந்து கிளம்புச்சு.

இப்போ அடுத்த மெஷின் பேச்சு ஓடுது, வட்டம் சுமார் 91 கி.மீ., முதல் கட்டத்துக்கே சுமார் 1,500 கோடி சுவிஸ் ஃபிராங்க், சாத்தியக்கூறு அறிக்கை 2025 மார்ச்ல வந்துச்சு, இன்னும் முடிவு ஆகல. இதுக்கும் எதிர்ப்பு இருக்கு. ஆனா சுரங்கம் போகப் போற எல்லையோர பிரெஞ்சு கிராமத்துக்காரங்க கருந்துளையப் பத்தி பேசல. இத்தன லட்சம் கன மீட்டர் மண்ண தோண்டி எங்க கொண்டு போய் கொட்டப் போறீங்க, எத்தன வருஷம் எங்க ரோட்ல லாரி ஓடும், மெஷின குளிர வைக்க தண்ணி எங்க இருந்து எடுப்பீங்க, கரன்ட் எவ்ளோ இழுக்கும்னு கேக்குறாங்க. அதுக்கு பதில் சொல்ல செர்ன்காரங்க ஊர் ஊரா கூட்டம் போட்டு உக்காந்திருக்காங்க.